ஆல்டரேஷன் கூடாது

தங்கம் அறிந்தவரை ஆல்டரேஷன் என்றால் இரண்டே வேலைதான். ஒன்று பிடிப்பது, இன்னொன்று பிரிப்பது. உடம்பு இளைத்தால் ரவிக்கையைப் பிடிக்க வேண்டும், பெருத்தால் பிரிக்க வேண்டும். தேக்கா சந்தையின் மாடியில் அவளுக்கு வாடிக்கையான தையல் கடை ஒன்று உண்டு. அந்தக் கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே, கேட்காமல் கொள்ளாமல், பிரிக்கும் கத்தியைத்தான் எடுப்பார். ஆல்டரேஷனுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருக்கிறது என்று நாற்பத்தாறு வயதுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்ன நேரமும் சரியில்லை. அப்போது அவள் மகள் சாதனையை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

தங்கம் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்த்து, இதைத் திற, அதைத் திற என்று சொல்லும் வேலை அவளுக்கு. கத்தரிக்கோல், ஊறுகாய் பாட்டில், தேங்காயெண்ணெய் என்று எது எந்த மூலையில் சுருண்டு படுத்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பிடிபட்டவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் வசனம் மட்டும் மாறாது. எனக்குத் தெரியாது, அம்மா வச்சிட்டாங்க. "உலகத்துல எல்லா அம்மாவுக்கும் இதே வேலைதான் போல" என்று கேன்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தானும் ஓர் அம்மா என்பது அந்தச் சிரிப்பில் அவளுக்கு நினைவு வந்ததே இல்லை.

கணவன் சேதுபதி லாரி ஓட்டுகிறார். மார்சிலிங்கில் வீடு. ஒரே மகள் திவ்யதர்ஷினி. பள்ளியில் ஆடுவாள், பாடுவாள் என்று பார்த்தால் அவள் போய் ஏர் ரைஃபிள் மன்றத்தில் சேர்ந்துவிட்டாள். பத்து மீட்டர் தள்ளி, ஒரு பொட்டை விடச் சிறிய புள்ளி. அதன் நட்டநடுவில் பட்டால் 10.9. அப்படி அறுபது குண்டு. சுடும்போது உடம்பு ஆடாமலிருக்கக் கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான கோட்டு ஒன்று போட்டுக்கொள்வார்கள். கழற்றித் தரையில் வைத்தால் ஆளில்லாமலே நிற்கும். அதற்குப் பெயர் ஜாக்கெட்டாம். தங்கம் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "இதுவாடி ஜாக்கெட்டு?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் வளர வளர அந்த ஜாக்கெட் இடுப்பில் லேசாக இறுக்கியது. "குடுடி, தேக்காவுல குடுத்து ஓரத்துல கொஞ்சம் பிரிச்சுட்டா சரியாப் போயிடும்" என்று தங்கம் கையை நீட்டினாள்.

"ஐயோ, தொடாதீங்கம்மா!" தர்ஷினி ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆல்டரேஷன் பண்ணவே கூடாது. செக் பண்ணி சீல் ஒட்டியிருக்காங்க பாருங்க. அதுக்கப்புறம் கை வச்சா டிஸ்குவாலிஃபை லா."

சரி, பிடிக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, அவ்வளவுதானே என்று தங்கம் மனதில் வாங்கிக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். கோளாறே அங்கேதான்.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதத்தில் 624.3 என்று எழுதி காந்தம் வைத்து ஒட்டியிருக்கும். வருடாவருடம் நடக்கும் ஏர் ரைஃபிள் போட்டியில், அறுபது குண்டுக்கும் சேர்த்து, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான சாதனை அது. பால் எடுக்கும்போதெல்லாம் தர்ஷினி அதை ஒரு பார்வை பார்ப்பாள். போன வருடம் போட்டிக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்து எல்லாம் பாழாயிற்று. இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் அந்த எண்ணைத் தொடவே முடியாது. பக்கத்து வீட்டு ரோஷினி, "பிள்ளைக்குக் கண்ணுதான்க்கா பட்டிருக்கு. நல்லா இருந்த பிள்ளைக்கு அன்னைக்குன்னு பார்த்து எப்படிக் காய்ச்சல் வரும்?" என்று கேட்டுவிட்டாள். அதுவரை தங்கம் அப்படி யோசித்ததில்லை. கேட்டபிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனாள். மகளின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தாள். குருக்கள் தந்த திருநீற்றைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் துணியில் மடித்தாள். எங்கே வைப்பது என்பதுதான் யோசனை. கழுத்தில் கட்டினால் கழற்றிவிடுவாள், பையில் போட்டால் மறந்துவிடுவாள். மகள் டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில் ஜாக்கெட்டின் உள்துணியில், இடது பக்கம், முழங்கை வந்து ஊன்றும் இடத்துக்குக் கீழே, நாலு ஓரமும் நறுக்கென்று தைத்துவிட்டாள். ஓர் இடம் பிடிக்கவில்லை, ஓர் இடம் பிரிக்கவில்லை. ஆல்டரேஷன் இல்லை என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை.

போட்டி நாளன்று மகள் காலையிலேயே குழுவோடு போய்விட்டாள். தங்கம் பூன் லேயில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து, அரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது சோதனைச் சுடுதல் முடிந்து மெய்யான சுற்று தொடங்கியிருந்தது. பதினான்காம் தடத்தில் மகளின் முதுகு தெரிந்தது. தலைக்கு மேலே திரையில் ஒவ்வொரு குண்டின் எண்ணும் விழுந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் ஃபஸீலா இடம் பிடித்து வைத்திருந்தாள். தர்ஷினியோடு சுடும் சாதியாவின் அம்மா. ஜாலான் புசாரில் அவர்களுக்குப் பூட்டு, கீல், ஆணி விற்கும் கடை. மகளோடு அலைந்து அலைந்து அவளும் பாதி நடுவராகிவிட்டாள்.

"அக்கா, உங்க பிள்ளை இன்னைக்கு ஒரு மாதிரியா சுடுது. முதல் பத்துல 104.1. இப்படியே போனா ரெக்கார்டு போயிடும்" என்றாள் ஃபஸீலா, ரகசியம் பேசும் குரலில்.

தங்கத்துக்கு நெஞ்சு விம்மியது. திருநீறு வேலை செய்கிறது! கைப்பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து ஃபஸீலாவிடம் நீட்டினாள்.

ஃபஸீலா முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு மேசை. மேசைமேல் இடுக்கி போன்ற அளவுகோல்கள், ஒரு தராசு. அதன் பின்னால் நரைத்த தாடியோடு ஒருவர், திரையைப் பார்க்காமல், தன் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவருதான் அப்துல் கஃபார். அவர்கிட்ட மாட்டினா கதை முடிஞ்சிச்சு. ரெக்கார்டு உடைச்சா கட்டாயம் அவர்கிட்டப் போகணும். மத்தபடி முதல் எட்டுப் பேருல ரெண்டு பேரைக் குலுக்கிப் போட்டு எடுப்பாங்க. ஜாக்கெட்டைத் திருப்பி உள்பக்கமெல்லாம் தடவிப் பார்ப்பாரு."

"எதுக்குத் தடவணும்?"

"ஆல்டரேஷன் பண்ணியிருக்காங்களான்னு."

"பிடிச்சிருக்காங்களா, பிரிச்சிருக்காங்களான்னு பார்ப்பாரா?"

ஃபஸீலா சிரித்தாள். "அதெல்லாம் தேக்கா ஆல்டரேஷன்க்கா. இங்க உள்ள ஒரு துண்டுத் துணி கூடுதலா வச்சுத் தைச்சாலே ஆல்டரேஷன்தான். உள்பக்கம் பையே இருக்கக் கூடாது. ரெண்டரை மில்லிமீட்டருக்கு மேல தடிப்பா இருந்தா வெளிய. போன வருஷம் ஒரு பையன் உள்ள ஏதோ ஒட்டி வச்சிருந்தான். ஃபர்ஸ்ட் வந்தான், பாவம். பேரையே தூக்கிட்டாங்க."

தங்கம் முறுக்கு டப்பாவை மூடினாள். மூடி பொருந்தவில்லை. திரும்பவும் மூடினாள். நாலு ஓரமும் நறுக்கென்று போட்ட தையல் ஒவ்வொன்றும் அவள் கண்முன்னால் வந்து நின்றது. பாவி, பாவி, கொஞ்சம் லூசாகவாவது தைத்திருக்கலாமே! தானே அறுந்து எங்காவது விழுந்திருக்கும்.

திரையில் இரண்டாம் பத்து முடிந்தது. 103.6. மூன்றாவது 104.5. அரங்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பதினான்காம் தடத்தின் பின்னால் வந்து சேர ஆரம்பித்தார்கள்.

எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால் இந்த நிமிடமே பிள்ளையைத் தடத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அறுபதும் சுட்டு, சாதனையை உடைத்து, எல்லாரும் கைதட்டி முடித்தபிறகு இறக்குவார்கள். மோசடிக்காரி என்ற பெயர் வேறு. அம்மா வச்சிட்டாங்க என்று பிள்ளை சொல்லும். யார் நம்புவார்கள்? அவளே இத்தனை வருடத்தில் ஒருத்தரையாவது நம்பியிருக்கிறாளா?

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அது மனதில் தோன்றியபோது தங்கத்துக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சாதனை உடையாவிட்டால் கட்டாயச் சோதனை இல்லை. குலுக்கலில் பெயர் வராமலும் போகலாம்.

தாயே, என்று கண்ணை மூடினாள். என் பிள்ளைக்கு ஒரே ஒரு ஒன்பதைக் கொடு.

எந்தத் தாயிடம் அர்ச்சனை செய்து, மகளுக்குக் கை நிற்கட்டும் என்று கேட்டாளோ, அதே தாயிடம் இப்போது கை நழுவட்டும் என்று கேட்டாள். கடவுளுக்கே தலை சுற்றியிருக்கும். தர்ஷினி 10.6 சுட்டாள். அடுத்தது 10.7. சுற்றிலும் மெல்லிய முணுமுணுப்பு எழுந்தது. தங்கத்துக்கு மட்டும் ஒவ்வொரு நல்ல குண்டும் தன் வயிற்றில் வந்து விழுந்தது. ஒரு 10.1 வந்தபோது மூச்சு விட்டாள். உடனே 10.8 வந்து அந்த மூச்சையும் பிடுங்கிக்கொண்டது.

"என்னக்கா, இப்படி வேர்க்குது? ஏசி இவ்வளவு குளிருது" என்றாள் ஃபஸீலா.

"ஒண்ணுமில்ல. நீ அங்க பாரு" என்றாள் தங்கம்.

நாலாம் பத்து, ஐந்தாம் பத்து. எண் இறங்குவேனா என்றது. தர்ஷினி துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, தண்ணீர் குடித்து, தோளை உருட்டி, மறுபடி எடுத்தாள். அவள் முழங்கை இடுப்பில் போய் ஊன்றும்போதெல்லாம் அந்த இடத்தையே தங்கம் வெறித்துப் பார்த்தாள். அந்த மஞ்சள் துணி ஜாக்கெட்டைத் தாண்டி வெளியே தெரிவது போல அவளுக்கு இருந்தது. எக்ஸ்ரே திரையில் பார்த்துப் பழகிய கண் அது, சும்மா இருக்குமா?

ஐம்பத்தொன்பது குண்டு முடிந்தபோது திரையில் 614.2 நின்றது. யாரோ பின்னாலிருந்து, "10.2 போதும், ரெக்கார்டு" என்று கிசுகிசுத்தார்கள். ஃபஸீலா தங்கத்தின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் சாதியா எப்போதோ முடித்துவிட்டாள், அதைப் பற்றிய ஞாபகமே ஃபஸீலாவுக்கு இல்லை.

கடைசிக் குண்டுக்கு முன் தர்ஷினி திரும்பிப் பார்த்தாள். அது அவள் வழக்கம். ஒரு நொடி அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். தங்கம் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை. தர்ஷினியின் பார்வை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அங்கேயே நின்றது. பிறகு அவள் திரும்பித் துப்பாக்கியைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

டப் என்று ஒரு சின்னச் சத்தம். திரையில் 9.8.

ஐயோ என்று அரங்கமே ஒரே குரலில் சொன்னது. மொத்தம் 624.0. சாதனை அப்படியே நின்றது. தர்ஷினி துப்பாக்கியை வைத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அம்மா இருக்கும் பக்கம் திரும்பினாள்.

தங்கம் சிரித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை. அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தபோது சிரிப்பும் கூடவே வந்துவிட்டது. கை தானாக நெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தது, தப்பித்தோம் என்பது போல. மகள் அதைப் பார்த்தாள். பார்த்ததைத் தங்கமும் பார்த்தாள். சிரிப்பை அதற்குமேல் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதலிடம் தர்ஷினிக்குத்தான் என்று அறிவித்தார்கள். அதே மூச்சில் குலுக்கலையும் அறிவித்தார்கள். ஒன்று, ஆறாம் தடம். மற்றொன்று, பதினான்காம் தடம்.

சாதனையும் போய், அதைக் காவு கொடுத்துக் காப்பாற்ற நினைத்ததும் போயிற்று.

பதினெட்டு நிறையாத பிள்ளை என்பதால் பெற்றோர் கூட நிற்கலாம் என்றார்கள். மேசைமுன் தர்ஷினி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தாள். அப்துல் கஃபார் சீலைச் சரிபார்த்தார். பொத்தான்களைப் பார்த்தார். வலது பக்க உள்துணியைத் தடவிக்கொண்டே வந்தார். அவர் விரல் முதுகைத் தாண்டி இடது பக்கம் திரும்பியது.

"சார், ஒரு நிமிஷம்." தங்கத்தின் குரல் அவளுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. "அது நான் தைச்சது சார். பிள்ளைக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவ சுட்டதெல்லாம் அவளாச் சுட்டது. திருநீறு சார், வேற ஒண்ணுமில்ல. ஆல்டரேஷன்னா பிடிக்கிறது, பிரிக்கிறதுன்னு நினைச்சிட்டேன். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க, பிள்ளை பேரை எடுத்துடாதீங்க."

தர்ஷினி தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது.

அப்துல் கஃபார் ஜாக்கெட்டை முழுக்கத் திருப்பி, இடது பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். விரலால் அழுத்தினார். அளவுகோலை வைத்து அழுத்திப் படித்தார். வேறோர் இடத்தில் வைத்து மறுபடியும் படித்தார். அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை.

"இங்க ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

தங்கம் குனிந்து பார்த்தாள். உள்துணியில் சதுரமாக ஊசி போன தடம் இருந்தது. ஓரத்தில் மஞ்சள் நூல் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் வெறும் துணிதான்.

"வியாழக்கிழமை பிராக்டிஸ்ல போட்டதுமே தெரிஞ்சுது சார்" என்றாள் தர்ஷினி மெதுவாக. "எல்போ வைக்கிற இடத்துல உறுத்துச்சு. அன்னைக்கே வெட்டி எடுத்துட்டேன்."

"ஊசித் தடத்துக்கு ரூல் கிடையாது. உள்ள பொருள் இருந்தாத்தான்" என்றார் அப்துல் கஃபார். தாளில் ஒரு குறி போட்டு ஜாக்கெட்டை மகளிடம் கொடுத்தார். தங்கத்தின் பக்கம் திரும்பி, "போங்கம்மா, பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் ஏதாவது சாப்பிட வைங்க" என்றார். அவர் குரல் இளகியிருந்தது. அந்த இளக்கத்தைத்தான் தங்கத்தால் தாங்க முடியவில்லை.

பதக்கம் வாங்கி, படம் எடுத்து, ஃபஸீலாவும் சாதியாவும் கட்டிப்பிடித்து வாழ்த்தி, எல்லாம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஜாக்கெட் பை இருவருக்கும் நடுவில் இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

"எடுத்ததை ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்." தர்ஷினி சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கோயிலுக்குப் போய் வாங்கிட்டு வந்து, அவ்வளவு நீட்டாத் தைச்சிருந்தீங்க."

பஸ் ஒன்று வந்து போனது. அது அவர்களுடையது இல்லை.

"அதுக்குத்தான் சிரிச்சீங்களா, நான் கடைசி ஷாட்டைக் கோட்டை விட்டப்ப?"

பொய் சொல்ல வாய் வந்தது. தங்கம் அதை விழுங்கினாள். "ஆமா. நீ கோட்டை விடணும்னு வேண்டிக்கிட்டேன்டி. ஃபஸீலா ரூலைச் சொன்னதுல இருந்து ஒவ்வொரு குண்டுக்கும் வேண்டிக்கிட்டேன்." அதற்குமேல் தாங்காமல் அவள் அழுதாள். பக்கத்தில் நின்றிருந்த ஒரு சீனப் பெரியவர் கண்ணியமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேண்டுனதெல்லாம் ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள் தர்ஷினி. "நான் திரும்பிப் பார்த்தேன்ல. எப்பவும் உங்க முகத்தைப் பார்த்தா எனக்குக் கை நின்னுடும். இன்னைக்குப் பார்த்தா, அப்பா லாரி கவுந்துடுச்சுன்னு ஃபோன் வந்த அன்னைக்கு இருந்த அதே முகம். அப்பாவுக்குத்தான் மறுபடி என்னமோ ஆயிடுச்சு, நான் சுட்டு முடிக்கிறதுக்காகச் சொல்லாம உட்கார்ந்திருக்கீங்கன்னு நினைச்சேன்." அவள் குரல் உடைந்தது. "அப்பாவை நினைச்சுட்டே சுட்டேன்மா."

சாமி எதையும் கேட்கவில்லை. கேட்டது பிள்ளைதான்.

தர்ஷினி பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்தாள். ஓரத்தில் வெட்டிய நூல்கள் அப்படியே இருந்தன. அம்மாவின் கையைப் பிரித்து அதை உள்ளே வைத்து, விரல்களை மூடினாள்.

"பயம் எனக்கு இல்லம்மா, உங்களுக்குத்தான். இதை உங்க ஜாக்கெட்டுல வச்சுத் தைச்சுக்கோங்க. அதுக்கு ரூல் இல்ல."

சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். பூன் லே பஸ் வந்தது. தங்கம் ஒரு கையில் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மகளின் ஜாக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மகள் அந்தப் பையைத் திருப்பிக் கேட்கவில்லை.